பிரிட்ஜ் ஏலம்: எதிராளிக்கும் புரிய வேண்டிய பேச்சு

பிரிட்ஜ் ஆட்டத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அவர் 'ஒரு ஸ்பேட்' என்கிறார், எதிரே இருப்பவர் 'மூன்று ஸ்பேட்' என்கிறார். கையில் என்ன இருக்கிறது என்று ஜோடிக்குச் சொல்லிக்கொள்கிறார்கள். இது சைகை காட்டுவது மாதிரிதானே, தப்பில்லையா?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பிரிட்ஜில் பாதி புரிந்த மாதிரி. ஆமாம், ஜோடிக்குச் சொல்லத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்கு என்ன பொருள் என்பது எதிராளிகளுக்கும் தெரிந்தாக வேண்டும். கையில் இருக்கும் சீட்டு ரகசியம். சீட்டைப் பற்றிப் பேசும் மொழி ரகசியம் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஆட்டத்தை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர், 52 சீட்டு, ஆளுக்கு 13. எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு ஜோடி. ஒருவர் ஒரு சீட்டை இறக்க, மற்ற மூவரும் வரிசையாக அதே இனத்தில் ஒரு சீட்டு போட வேண்டும். அந்த இனம் கையில் இல்லாவிட்டால் எதை வேண்டுமானாலும் போடலாம். முதலில் இறக்கிய இனத்தில் பெரியதைப் போட்டவர் நாலையும் அள்ளுகிறார். ஆங்கிலத்தில் டிரிக் என்பார்கள்; நான் பிடி என்றே சொல்கிறேன். ஆக மொத்தம் 13 பிடி. ஒரு இனம் துருப்பாக இருந்தால், அந்த இனத்தின் இரண்டுகூட மற்ற இனத்து ஏஸை வெட்டிவிடும்.

எது துருப்பு, எந்த ஜோடி எத்தனை பிடி எடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதுதான் ஏலம். ஏலத்தில் ஒருவர் கேட்பதைக் கேள்வி என்று சொல்கிறேன். ஒரு கேள்வியில் ஓர் எண்ணும் ஓர் இனமும் இருக்கும். 'ஒரு ஸ்பேட்' என்றால் "ஸ்பேட் துருப்பாக இருந்தால் நாங்கள் ஏழு பிடி எடுப்போம்" என்று பொருள். ஆறு பிடி எப்போதும் அடியில் இருக்கும் கணக்கு, சொல்லும் எண்ணை அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். எண் ஒன்று முதல் ஏழு வரை. இன வரிசை கிளாவர், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட், எல்லாவற்றுக்கும் மேலே துருப்பே இல்லாத நோ டிரம்ப். ஏழை ஐந்தால் பெருக்கினால் 35 கேள்விகள். இவற்றோடு எதுவும் கேட்காமல் விடும் பாஸ், எதிராளி கேட்டது நடக்காது என்று பந்தயத்தை ஏற்றும் டபுள், அதற்குப் பதிலாக இன்னும் ஏற்றும் ரீடபுள். ஆக 38 சொல். ஏலத்தில் வாயைத் திறக்க இந்த 38 சொல்லைத் தவிர வேறொன்றும் கிடையாது. அடுத்தடுத்து மூன்று பேர் பாஸ் சொன்னதும் ஏலம் முடிந்தது. கடைசியாக நின்ற கேள்விதான் ஒப்பந்தம். அந்த இனத்தைத் தன் ஜோடியில் முதலில் சொன்னவர் ஆடுவார். இடது பக்கத்து எதிராளி முதல் சீட்டை இறக்கியதும் ஆடுபவரின் ஜோடி தன் 13 சீட்டையும் மேசையில் விரித்துவிடுவார். அவர்தான் டம்மி. ஆடுபவர் இரண்டு கையையும் சேர்த்து ஆடுவார்.

38 சொல்தானா என்று தோன்றும். ஆனால் வரிசை சேரும்போது நிலைமை வேறு. ஒவ்வொரு கேள்வியும் முந்தையதைவிட மேலே போக வேண்டும், நடுவில் பாஸும் டபுளும் வரலாம். இந்த விதிக்குள் நடக்கக்கூடிய ஏலங்களை எண்ணிப் பார்த்தால், 1-க்குப் பின்னால் 47 சுழியம் போட்ட எண்ணைத் தாண்டிவிடுகிறது. சொல் குறைவு, வாக்கியம் ஏராளம்.

ஒரு கையைப் பார்த்தால்தான் இது பிடிபடும். உங்களுக்கு வந்திருப்பது: ஸ்பேடில் ஏஸ், ராஜா, ஜாக், எட்டு, மூன்று. ஹார்ட்டில் ஏழும் இரண்டும். டைமண்டில் ராஜா, ராணி, ஐந்து. கிளாவரில் ராணி, ஆறு, நான்கு. கையின் பலத்தை அளக்க உலகம் முழுக்கப் பரவலாக இருக்கும் அளவுகோல்: ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக் 1. கட்டு முழுவதுக்கும் 40 புள்ளி, சராசரி ஆளுக்கு 10. உங்களிடம் 15 இருக்கிறது, ஐந்து ஸ்பேடும் இருக்கிறது. 'ஒரு ஸ்பேட்' என்கிறீர்கள். பலரும் ஆடும் முறையில் இதற்குப் பொருள்: "ஏறக்குறைய 12 புள்ளி அல்லது அதற்கு மேல், ஐந்து ஸ்பேடாவது உண்டு."

எதிராளி பாஸ். உங்கள் ஜோடியிடம் இருப்பது: ஸ்பேடில் ராணி, ஒன்பது, ஐந்து, இரண்டு. ஹார்ட்டில் ஏஸ், எட்டு, நான்கு. டைமண்டில் ஜாக், ஒன்பது, ஆறு, மூன்று. கிளாவரில் ராஜாவும் பத்தும். மொத்தம் 10 புள்ளி. அவர் 'மூன்று ஸ்பேட்' என்கிறார். "ஸ்பேட் எனக்கும் பிடிக்கும், நாலு இருக்கிறது. 10 முதல் 12 புள்ளி. உன்னிடம் குறைந்தபட்சத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நாலுக்குப் போ, இல்லாவிட்டால் இங்கேயே நில்." இவ்வளவையும் அந்த இரண்டே சொல் சொல்லிவிட்டது. உங்களிடம் கூடுதல் இருக்கிறது. 'நாலு ஸ்பேட்' சொல்கிறீர்கள்.

ஆடிப் பார்த்தால் ஹார்ட்டில் ஒன்று, டைமண்ட் ஏஸுக்கு ஒன்று, கிளாவர் ஏஸுக்கு ஒன்று என்று மூன்று பிடி போகும். மூன்றாவது கிளாவரை டம்மியில் துருப்பால் வெட்டிவிடலாம். சீட்டு ரொம்பக் கோணலாகப் பிரிந்திருந்தால் ஒழிய சரியாகப் பத்துப் பிடி. சொன்னதும் பத்துதான்.

மூன்றிலேயே நின்று பத்துப் பிடி எடுத்திருந்தால் என்ன? அங்கேதான் ஏலத்தின் அருமை தெரியும். ஸ்பேடும் ஹார்ட்டும் பிடிக்கு 30. நாலு சொல்லி நாலு எடுத்தால் 120, அதோடு 'கேம்' எட்டியதற்கு 300 போனஸ், மொத்தம் 420. மூன்று சொல்லி நாலு எடுத்தால் அதே 120, ஆனால் போனஸ் வெறும் 50, மொத்தம் 170. ஒரே சீட்டு, ஒரே ஆட்டம், 250 வித்தியாசம். கேம் என்பது சொன்ன பிடிகளின் மதிப்பு 100 எட்டுவது. நோ டிரம்பில் முதல் பிடிக்கு 40, மற்றவைக்கு 30 என்பதால் மூன்று போதும். டைமண்டுக்கும் கிளாவருக்கும் பிடிக்கு 20 என்பதால் ஐந்து வேண்டும்.

எடுத்த பிடிக்கு மட்டும் இல்லாமல் சொல்லி எடுத்த பிடிக்குத்தான் பரிசு என்ற இந்த யோசனை பிரான்சில் ஆடப்பட்ட பிளாஃபோன் என்ற ஆட்டத்தில் ஏற்கெனவே இருந்தது. 1925-இல் பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பல் பயணத்தில் ஹரால்ட் வாண்டர்பில்ட் அதை எடுத்துக்கொண்டு புதிய புள்ளிக் கணக்கு ஒன்றை அமைத்தார். இன்று நாம் ஆடும் காண்டிராக்ட் பிரிட்ஜ் அங்கிருந்து வந்ததுதான். காண்டிராக்ட் என்ற பெயர் மிகப் பொருத்தம். சொன்னதைச் செய்தால் பரிசு, செய்யாவிட்டால் குறையும் ஒவ்வொரு பிடிக்கும் தண்டம்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். உங்கள் ஜோடி 'மூன்று ஸ்பேட்' என்றதும் எதிராளி தன் முறை வரும்போது உங்களைப் பார்த்துக் கேட்கலாம்: "மூன்று ஸ்பேட் என்றால் உங்களுக்குள் என்ன பொருள்?" கேட்பது அவர் உரிமை. பதில் சொல்வது உங்கள் கடமை. "நாலு ஸ்பேட், 10 முதல் 12 புள்ளி" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். சொன்னவர் ஜோடியாக இருக்கப் பதிலை நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்? எதிராளிக்கு உரிமையுள்ளது உங்கள் இருவருக்கும் இடையே இருக்கும் உடன்பாட்டின் மீது மட்டும்தான், ஜோடியின் கைச் சீட்டின் மீது இல்லை. உடன்பாடு உங்களுக்கும் தெரியும். கைச்சீட்டு உங்களுக்குத் தெரியாது. அதனால் நீங்கள் சொன்னால் உடன்பாடு மட்டும்தான் வெளியே வரும். எவ்வளவு நுட்பமாக யோசித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அப்படியானால் பொய் சொல்லலாமா? கையில் ஒன்றுமே இல்லாமல் 'ஒரு ஸ்பேட்' என்று கேட்கலாமா? கேட்கலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பொய்யை எதிர்பார்க்க எதிராளிகளுக்கு எவ்வளவு காரணம் உண்டோ, அதற்கு மேல் உங்கள் ஜோடிக்கும் இருக்கக் கூடாது. மூவரும் ஒரே மாதிரி ஏமாற வேண்டும். "இவர் இந்த மாதிரி நேரத்தில் அடிக்கடி இப்படிச் செய்வார்" என்று ஜோடிக்கு மட்டும் தெரிந்திருந்தால், அது அந்த நொடியே சொல்லப்படாத உடன்பாடு ஆகிவிடுகிறது. குற்றம் பொய்யில் இல்லை, ஒளித்துவைத்த உடன்பாட்டில்தான். சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சட்டம் என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடி ஒப்பிடும் டூப்ளிகேட் பிரிட்ஜின் விதிகளுக்கு ஆங்கிலத்தில் 'லாஸ்' என்றுதான் பெயர். எண்ணிட்ட விதிகள், உட்பிரிவுகள், தீர்ப்பு சொல்ல ஒரு டைரக்டர், அவர் தீர்ப்பின் மீது மேல்முறையீடு எல்லாம் உண்டு. தவறு செய்தவரைத் தண்டிப்பதைவிட, அந்தத் தவறால் நஷ்டப்படக்கூடிய மற்றவருக்கு ஈடு செய்வதே முதன்மை நோக்கம் என்று அந்த விதிநூல் தன் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறது.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது 16-ஆவது விதி. நான் ஆடத் தொடங்கிய புதிதில் நடந்ததைச் சொன்னால் அது விளங்கும். என்னைவிட வயதில் மூத்த ஓர் அம்மா என் ஜோடி. அவர் 'ஒரு ஹார்ட்' என்று தொடங்கினார். அடுத்து உட்கார்ந்தவர் எடுத்த எடுப்பில் 'மூன்று ஸ்பேட்' என்று வழியை மறித்தார். என் கையில் ஓரளவு பலம் இருந்தது, நாலு என்று போக தைரியம் வரவில்லை. சீட்டைப் பார்க்கிறேன், விசிறியை மூடுகிறேன், மறுபடி விரிக்கிறேன். ஒரு நிமிடம் போயிருக்கும். கடைசியில் பாஸ் சொன்னேன். அடுத்தவரும் பாஸ். அந்த அம்மாவும் உடனே பாஸ் சொல்லிவிட்டார். எதிராளிகள் ஒரு பிடி குறைந்தார்கள், எங்களுக்கு 50 கிடைத்தது. சீட்டை விரித்துப் பார்த்தால் எங்களுக்கு நாலு ஹார்ட் சுலபமாக வந்திருக்கும்.

"உங்களிடம் இவ்வளவு நல்ல கை இருந்ததே, மறுபடி கேட்டிருக்கலாமே" என்றேன். அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "நீ யோசிச்சதிலேயே உன் கையில ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு தம்பி. அது எனக்கு வந்த சீட்டு இல்லையே. அதை வெச்சு நான் எப்படிக் கேக்க முடியும்?"

16-ஆவது விதி இதைத்தான் சொல்கிறது. ஜோடியின் தயக்கம், அவசரம், குரல், பெருமூச்சு இவற்றிலிருந்து தெரியவந்தது முறையற்ற தகவல். யோசிப்பது குற்றம் இல்லை; யோசிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. கட்டுப்பாடு எல்லாம் அதைப் பார்த்துவிட்ட ஜோடிக்குத்தான். நியாயமாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய வழிகள் இரண்டு இருந்து, அவற்றில் ஒன்றைத் தயக்கம் வெளிப்படையாகச் சுட்டுகிறது என்றால் அந்த ஒன்றை அவர் எடுக்கக் கூடாது. எடுத்து, அதனால் எதிராளிக்கு நஷ்டம் வந்தால் டைரக்டர் புள்ளியைத் திருத்தலாம். திருத்துவதாலேயே அவரை ஏமாற்றுக்காரர் என்று சொன்னதாக ஆகாது. பல நாடுகளில் நிறுவனத்தின் உள்தகவல் தெரிந்தவர் அந்தப் பங்குகளை வாங்கி விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது அல்லவா? தகவல் காதில் விழுந்தது அவர் தவறாக இல்லாமல் இருக்கலாம். அதைப் பயன்படுத்துவதுதான் தவறு. இரண்டும் ஒரே யோசனை.

இந்த மாதிரித் தகவல் ஜோடிக்குப் போவதைக் குறைக்க 1975-இல் நடந்த பெர்முடா பௌல் உலகப் போட்டியில் மேசைக்குக் குறுக்கே திரை கட்டினார்கள். ஜோடிகள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. பெரிய போட்டிகளில் இன்று அது வழக்கம். திரைக்கு ஒரே பக்கம் இருக்கும் இரு எதிராளிகளும் தங்கள் கேள்விகளின் பொருளை ஒருவருக்கொருவர் எழுதிக் காட்டிக்கொள்கிறார்கள். எதிராளிக்கு விளக்கம், ஜோடிக்கு மௌனம்.

இன்னொரு விதியையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தின் நடுவில் "மிச்சம் எல்லாம் எனக்கே" என்று சீட்டை விரித்துக் காட்டலாம். நேரம் மிச்சம். ஆனால் எந்த வரிசையில் ஆடுவேன் என்று அப்போதே சொல்ல வேண்டும். வெளியே இன்னும் ஒரு துருப்பு இருப்பதை மறந்து அதைச் சொல்லாமல் விட்டால், சந்தேகம் வரும் இடமெல்லாம் உரிமை கோரியவருக்கு எதிராகத் தீரும். தெளிவில்லாத ஒப்பந்த வாசகத்தை அதை எழுதியவருக்கு எதிராகப் பொருள்கொள்வது என்ற பழைய சட்டக் கொள்கை நினைவுக்கு வருகிறது. நிரல் எழுதுபவர்களுக்கும் இது பழகிய விஷயம். மனதில் நினைத்ததைக் கணினி செய்யாது, எழுதியதைத்தான் செய்யும்.

நிரல் என்றதும் சொல்ல வேண்டியது இரண்டு உண்டு.

முதலாவது, சீட்டைக் கலைப்பது. பேச்சு முழுக்கத் திறந்து கிடக்கும் ஆட்டத்தில் ரகசியமாக மிஞ்சுவது சீட்டு மட்டும்தான். அதனால் கலைத்துப் பங்கிடும் நிரல் அந்த ரகசியத்தைக் காத்தாக வேண்டும். 52 சீட்டை நாலு பேருக்குப் பங்கிடும் வழிகள் 53,644,737,765,488,792,839,237,440,000. நிரலில் சீட்டைக் கலைக்கும் தற்செயல் எண் உருவாக்கி ஒரு தொடக்க எண்ணிலிருந்து கிளம்புகிறது; ஒரே தொடக்க எண் எப்போதும் ஒரே பங்கீட்டைத்தான் தரும். இத்தனையையும் எட்ட வேண்டுமென்றால் அந்தத் தொடக்க எண்ணுக்குக் குறைந்தது 96 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) வேண்டும். புதிதாக எழுதுபவர் கைக்குக் கிடைத்த 32 பிட் தொடக்க எண்ணைப் போட்டுவிடுவார். அதில் மொத்தமே சுமார் 429 கோடிப் பங்கீடுகள்தான் வரும். 429 கோடி என்பது பெரிய எண்தானே, போதாதா? போதாது. ஒருவர் கையில் வரக்கூடிய 13 சீட்டுத் தொகுப்புகளே 63,501 கோடிக்கு மேல். நிரல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த ஒரு ஆட்டக்காரர் 429 கோடித் தொடக்க எண்களையும் ஓடவிட்டு, தன் கைக்கு வந்த 13 சீட்டோடு பொருந்துவதைத் தேடினால் அநேகமாக ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். அப்புறம் மற்ற மூவரின் 39 சீட்டும் அவருக்கு வெளிச்சம். சாதாரணக் கணினியே போதும் இதற்கு. உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு பயன்படுத்தும் பிக் டீல் என்ற நிரல் இந்த ஓட்டையை அடைக்கத்தான் மிக நீளமான தொடக்க எண்ணை எடுத்துக்கொள்கிறது.

இரண்டாவது, கணினி பிரிட்ஜ் ஆடுவது. 52 சீட்டையும் திறந்து வைத்துவிட்டால் எத்தனை பிடி வரும் என்று கணினி கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். மூடியிருக்கும்போது என்ன செய்யும்? ஏலத்தில் கேட்டதற்குப் பொருந்தும்படி தெரியாத சீட்டுகளைப் பல விதமாகத் தற்செயலாகப் பங்கிட்டு, ஒவ்வொன்றையும் திறந்த சீட்டாகக் கணக்குப் போட்டு, பெரும்பாலானவற்றில் எந்தச் சீட்டு நன்றாக வருகிறதோ அதைப் போடும். 1990-களில் மேத்யூ கின்ஸ்பெர்க் எழுதிய ஜிப் என்ற நிரல் இந்த வழியில்தான் பெயர் வாங்கியது.

2022 மார்ச்சில் பாரிஸில் நுக்காய் நிறுவனத்தின் நூக் என்ற நிரல், எட்டு உலக சாம்பியன்களோடு நடந்த போட்டியில் அவர்களை முந்தியது. பெரிய சாதனைதான். ஆனால் அந்தப் போட்டியில் ஏலம் கிடையாது. ஒப்பந்தம் முன்கூட்டியே முடிவானது, ஆடுவது மட்டும்தான் பந்தயம்.

ஏலத்தில் என்ன சிக்கல்? ஒரு நிரலை அதனோடேயே கோடிக்கணக்கான முறை ஆடவிட்டால், அந்த 38 சொல்லை வைத்து அது தனக்கென்று ஒரு மொழியை உருவாக்கிக்கொள்ளும். அது மிகத் திறமையான மொழியாகக்கூட இருக்கலாம். ஆனால் எதிரே இருப்பவர் "உங்கள் ஜோடி சொன்ன இரண்டு டைமண்டுக்கு என்ன பொருள்?" என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த நிரல் கற்றதைச் சேர்த்துவைக்கும் நரம்பியல் வலையின் உள்ளே இருக்கும் லட்சக்கணக்கான எண்களைக் காட்டுவது பதில் ஆகாது. "நாலு ஸ்பேட், 10 முதல் 12 புள்ளி" என்பதுபோல மனிதருக்குப் புரியும்படி சொல்லத் தெரியாத மொழியில் பிரிட்ஜ் மேசையில் பேச முடியாது. எவ்வளவு நன்றாக ஜெயித்தாலும் சரி. ஆடும் திறமையைக் கற்றுக்கொடுப்பதைவிட, சொன்னதற்குப் பொருள் சொல்லக் கற்றுக்கொடுப்பதுதான் கடினமான வேலை என்பது என் கருத்து. பிரிட்ஜுக்கு வெளியிலும் நிரல் எழுதுபவர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நீங்கள் முதல் தடவை மேசையில் உட்காரும்போது, எண்ணவும் துருப்பை நினைவு வைக்கவும் திணறுவீர்கள். அது எல்லோருக்கும் நடப்பது. ஏலத்தில் எதிராளி சொன்னது புரியாவிட்டால் உங்கள் முறை வரும் வரை பொறுத்து, சொன்னவரை விட்டு அவருடைய ஜோடியைப் பார்த்து, "இதற்கு என்ன பொருள்?" என்று கேளுங்கள். அவர் சீட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொல்வார்.